அழைப்பிதழ் வந்த நம்பர்

கையில் இருந்த டோக்கன் எண்பத்தாறு, சுவரில் சிவப்பாக எரிந்தது ஐம்பத்தொன்பது. நடுவில் இருக்கிற இருபத்தேழு பேரும் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டு, கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திரும்ப வந்து, மறுபடியும் போட்டு முடிக்கிறவரைக்கும் உலகம்மாள் பேங்கின் இந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், வேறு வழி இல்லை. கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்த போன் அணைந்து கிடந்தது. அணைந்த பிறகும் அது சூடாக இருப்பதுபோல அவளுக்கு ஒரு நினைப்பு, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்ததுபோல. நிமிஷத்துக்கு ஒரு தரம் கை அதைத் தேடிப் போனது. மணி பார்க்கப் போனது, ஆறு வருஷமாக மணி பார்ப்பது அதில்தான். யாராவது கூப்பிட்டார்களா என்று பார்க்கப் போனது, யாரும் கூப்பிடுவதில்லை, ஆனாலும் பார்ப்பாள். போகிற கையைப் பிடித்து மறுபடி மடியில் வைத்தாள். அதைத் திறக்கவே கூடாது என்று கம்பெனியில் கூட வேலை பார்க்கிற சுகந்தியின் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். மொபைல் கடை வைத்திருப்பவர், அவருக்குத் தெரியாதா. சிம்மைக் கழற்றித் தனியாக ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது என்கிற சைபர் போலீஸ் நம்பருக்குத் தன் போனிலிருந்தே புகார் சொல்லி, பேங்கின் இலவச நம்பரில் கணக்கையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். இனி எழுத்தில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. கணக்கு பிழைத்துவிட்டது. கணக்குக்காக அவள் இங்கே மனசு நொந்து உட்கார்ந்திருக்கவில்லை. அண்ணன் தன்னை அழைக்கவில்லை, அதற்காகத்தான். அதை இன்னும் ஒரு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அண்ணன் அழைக்கவில்லை. அறுபது, என்றது சுவர்.

காலையில் எட்டு இருபதுக்கு அது வந்தது. டிபன் பாக்ஸில் புளிச்சாதத்தை அமுக்கிக்கொண்டிருந்தாள். போன் ஒரு தரம் அதிர்ந்து அடங்கியது. பால்காரன் நாளைக்கு இல்லை என்று போட்டிருப்பான், அல்லது கேஸ். கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் மேலே 'அண்ணன்' என்று இருந்தது. அந்தப் பெயரை அவள்தான் அடித்து வைத்தாள், நாலு வருஷத்துக்கு முன்னால், கோவில்பட்டி வழியாகப் போன பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து. சிக்னலில் பஸ் நின்ற இடத்துக்கு நேர் எதிரே சங்கர் பேட்டரி ஒர்க்ஸ் என்று போர்டு. சங்கரலிங்கம் என்ற பெயரை யார் அப்படி வெட்டினார்கள், மதினியாக இருக்கும். போர்டில் கீழே நம்பர். பஸ் கிளம்புவதற்குள் பத்து எண்ணையும் பிடித்துவிட்டாள். ஆள் கடைக்குள் இருந்தானா இல்லையா என்று பார்க்க மறந்துபோனாள், நம்பரைப் பார்த்ததில் மனுஷனைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்தப் பெயரைத் தொட்டு, வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்து போனான் என்று காட்டுகிற அந்தச் சின்ன எழுத்தைப் பார்ப்பாள். ஆறு பன்னிரண்டு. சரி, எழுந்துவிட்டான். ஒரு நாள் பத்துமணி வரைக்கும் ஒன்றும் காட்டவில்லை, அன்றைக்குக் கம்பெனியில் துணியில் பழுது பார்க்கிற செக்கிங் மேஜையில் நாலு பெட்ஷீட்டில் ஓட்டையை விட்டுவிட்டாள். அவ்வளவுதான் அவர்கள் உறவு. அந்தோணிராஜோடு கிளம்பி வந்து இருபத்தெட்டு வருஷத்தில் அண்ணன் வாயிலிருந்து ஒரு சொல் இல்லை. அம்மை போன சேதி பதினோராம் நாள்தான் வந்தது. அந்தோணி போன சேதியை அவள் சொல்லியே அனுப்பவில்லை. அப்படிப்பட்ட இடத்திலிருந்து எட்டு இருபதுக்கு ஒரு சேதி. திருமண அழைப்பிதழ், அவசியம் வரவும். அதன் கீழே ஒரு சின்ன விநாயகர், அதன் கீழே தொடச்சொல்லி ஒரு பெட்டி.

வேறு யாராக இருந்தாலும் போன் போட்டுக் கேட்டிருப்பார்கள். இது என்னப்பா, போட்டோவாக வராமல் என்னவோ மாதிரி வந்திருக்கிறதே என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த நாற்காலி இல்லை. ஆனால் அவர்கள் ஆட்களில் அப்படிக் கேட்கிற வழக்கம் கிடையாது. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டோடு சமாதானமாகப் போக நினைக்கிறவன் சமாதானம் என்று வாயைத் திறந்து சொல்லமாட்டான். வீட்டில் ஒரு காரியம் வருகிறவரை காத்திருப்பான். வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை யாராவது கொண்டுவந்து நீட்டுவார்கள், தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுவார்கள். வாங்கிக்கொண்டவள் எதற்கு, ஏன் இப்போது என்று கேட்கக் கூடாது. கேட்டால் போச்சு. கேட்கிறவள் இன்னும் சண்டையை முடிக்கவில்லை என்று அர்த்தம். பெரிய சித்தப்பா வீட்டோடு பதினாறு வருஷப் பகை அப்படித்தான் ஒரு சடங்குப் பத்திரிகையில் முடிந்தது, உலகம்மாள் பாவாடை கட்டுகிற வயசில் கண்ணால் பார்த்தது. அதனால் அவள் கேட்கவில்லை. பெட்டியைத் தொட்டாள். போன் என்னென்னவோ அனுமதி கேட்டது. குறுஞ்செய்தியைப் படிக்க, தொடர்பு எண்களைப் பார்க்க, இன்னும் ஏதோ. மண்டப வாசலில் நிற்கிற பெண்பிள்ளைகள் பன்னீர் தெளிக்கிறார்கள், சந்தனம் நீட்டுகிறார்கள், கல்கண்டுத் தட்டை முன்னால் கொண்டுவருகிறார்கள், யாராவது வேண்டாம் என்றா சொல்வார்கள். சரி என்றாள். இன்னொன்று கேட்டது, அதற்கும் சரி. மூன்றாவதற்கும் சரி. உள்ளே போனால் மண்டபமே இல்லை. வெள்ளையாக ஒரு திரை வந்து நின்றது, பிறகு அதுவும் போய்விட்டது. அண்ணனுக்கு ஒரு மகள் என்று கேள்விப்பட்டதோடு சரி, பொண்ணு பேரும் தெரியவில்லை, தேதியும் தெரியவில்லை. நெட் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டாள், அப்படி நினைக்கத்தான் அவளுக்கு அப்போது தெம்பு இருந்தது. நூறு மீட்டர் துணியில் ஒரு இழை விட்டிருந்தால் விரல் நுனியால் பிடிக்கிறவள். கம்பெனியில் அவள் கண்ணுக்கு ஒரு பெயர் உண்டு. எண்ணெய்க் கறையை லைட் மேஜையில் போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள். அந்தக் கண் எட்டு இருபதுக்கு எங்கே போயிருந்தது. அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தது, வேறு எங்கே.

ஒரு மணி இருபது நிமிஷம். எண்ணிப் பார்த்தால் அவ்வளவுதான், அழைக்கப்பட்டவளாக அவள் இருந்தது. கரூர் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள், உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொள்ளலாமா, அந்தோணி போன பிறகு அதை எடுக்கவே இல்லை, மதினி ஏதாவது சொல்லுவாளோ, சொன்னால் சொல்லட்டும். முதல் வரிசையில் போய் உட்காரக் கூடாது. சாப்பாட்டுப் பந்தியில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து நீ யார் என்று கேட்டால் பொண்ணுக்கு அத்தை என்று சொல்ல வேண்டும். அத்தை. அந்தச் சொல்லை பஸ்ஸில் ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், நடத்துநர் என்னம்மா என்றார். கம்பெனிக்குள் நுழைந்ததும் நேரே சூப்பர்வைசரிடம் போய், அண்ணன் மகள் கல்யாணம், இரண்டு நாள் லீவு வேண்டும் என்று கேட்டாள். அந்தோணி போன நாள்களை விட்டால் ஒன்பது வருஷத்தில் அவள் கேட்கிற முதல் லீவு, ஆள் திகைத்துப் போனார். என்றைக்கு என்று கேட்டார். அது தெரியாதே. பிறகு சொல்கிறேன் சார் என்றாள். லீவு எழுதுகிற தாளில் பெயரும் காரணமும் எழுதி, தேதி இருக்கிற இடத்தை வெறுமனே விட்டுக் கொடுத்தாள். அந்தத் தாள் இப்போதும் அவர் மேஜையில் இருக்கும். அதை எப்படித் திரும்ப வாங்குவது. என்ன சொல்லி வாங்குவது. கல்யாணம் நின்றுபோச்சு என்று சொல்லலாம். ஐயோ, ஒரு பெண்பிள்ளை கல்யாணத்தை வாயால் நிறுத்துவாளா ஒருத்தி. அறுபத்தெட்டு. ஒரு பெரியவர் பாஸ்புக்கை அச்சடிக்கிற மெஷினிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், மெஷின் அவர் புத்தகத்தைத் துப்பிக்கொண்டே இருந்தது. தாளுக்கு என்ன செய்வது என்று மறுபடியும் ஆரம்பித்தாள்.

ஒன்பது நாற்பதுக்குச் சுகந்தி வந்தாள். பக்கத்து மேஜை, வாய் நீளம், மனசு சுத்தம். தன் போனை நீட்டிக்கொண்டே வந்தாள். "ஏனுங்க்கா, யாருக்குக் கல்யாணம்? உங்களுக்கேங்களா? மாப்பிள்ளை யாருன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்களே." அந்தப் போனில் அதே விநாயகர், அதே அவசியம் வரவும், மேலே உலகம்மாக்கா என்று பெயர். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சுகந்தி சிரித்துக்கொண்டே இவள் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் முதலில் கேட்டது, அக்கா அதைத் தொட்டாங்களா என்று. தொட்டாங்க. அனுமதி கொடுத்தாங்களா. மூணு தரம் கொடுத்தாங்க. பத்திரிகை என்றால் படமாக வரும், படிக்கிற காகிதமாக வரும், உங்கள் மெசேஜைப் படிக்க அனுமதி கேட்கிற பத்திரிகை உலகத்தில் கிடையாது என்றார். உள்ளே ஒரு ஆளை விட்டாகிவிட்டது, அவன் பேங்கிலிருந்து வருகிற ரகசிய நம்பரை உங்களுக்கு முன்னால் படிப்பான், அதே பத்திரிகையை உங்கள் பெயரில் ஊருக்கெல்லாம் வைப்பான் என்றார். அனுப்பினவருக்குக்கூடத் தெரிந்திருக்காதுங்க, அவர் போனையும் இது கடித்திருக்கும், அவர் அனுப்பவே இல்லை. நல்ல மனுஷன், பயப்படாதீங்க என்பதற்காகத்தான் அந்தக் கடைசி வரியைச் சொன்னார். அவர் அனுப்பவே இல்லை. அதைத்தான் அவள் கம்பெனி கேட்டிலிருந்து பேங்க் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

நாற்பத்தொரு பேர். அவள் போனில் இருந்தது அவ்வளவுதான். சுகந்திக்குத் தெரிந்தவர்களிடம் சுகந்தி சொல்லிவிட்டாள், கம்பெனி ஆட்கள் தொடமாட்டார்கள். பால்காரன், கேஸ்காரன், தையல் கடை, கோயில் ஃபாதர், வீட்டுக்காரம்மா, முன்னாள் வீட்டுக்காரம்மா. ஒவ்வொருத்தருக்கும் வேறு போனிலிருந்து கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமாம். சிலருக்கு நான் யார் என்றே முதலில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தோணியின் நம்பரும் அதில்தான் இருந்தது. ஐந்து வருஷமாக அழிக்கவில்லை. அழித்தால் அவனை இன்னொரு தரம் குழிக்குள் இறக்கினதுபோல இருக்கும் என்று விட்டுவைத்திருந்தாள். அவனுக்கும் போயிருக்கும் பத்திரிகை. அந்த நம்பரை இப்போது யாராவது வைத்திருப்பார்கள். யாரோ ஒருத்தன் கல்யாணச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு அதைத் தொட்டிருப்பான். பாவம். அவனுக்கும் சொல்ல வேண்டும். செத்துப்போனவன் நம்பருக்குக் கூப்பிட்டு, தொடாதீங்க என்று. அங்கே போய் மனசு முட்டிக்கொண்டு நின்றது, செக்கிங் மேஜையில் துணி முடிச்சில் சிக்கி நிற்கிறமாதிரி. இழுத்தால் கிழியும். பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாகப் பிரிக்க வேண்டும். பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அது தெரிந்தது. இது பெயர் போட்டு வைத்திருக்கிறவர்களுக்குத்தான் போகும். சுகந்தியின் வீட்டுக்காரர் அப்படித்தான் சொன்னார், உங்கள் போனில் சேமித்து வைத்திருக்கிற எல்லாருக்கும் அதுவே அனுப்பும் என்று. என் போனில் இருந்தவர்களுக்கு என்னிடமிருந்து போனது. அப்படியானால் எனக்கு வந்தது எப்படி.

எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு. எனக்கு எப்படி வந்தது. அண்ணன் போனில் நான் இருக்கிறேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர் டோக்கன் வந்துவிட்டதோ என்று தன் சீட்டைப் பார்த்தார். இந்த நம்பரை வாங்கி ஆறு வருஷம்தான். அவனுக்கு யார் கொடுத்தார்கள். யாரும் கொடுக்கவில்லை, நானேதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கலன்று, காலையில், பக்கத்து வீடுகளில் குக்கர் விசில் விட்டுக்கொண்டிருக்கிறது, என்ன தோன்றியதோ, அண்ணன் என்கிற பெயரை அமுக்கிவிட்டாள். இரண்டு தரம் மணி அடித்ததும் பயந்து நிறுத்திவிட்டாள். அவன் திரும்பக் கூப்பிடவில்லை. ஆனால் பார்த்திருப்பான். யாரடா இது பொங்கலும் அதுவுமாக என்று நம்பரைத் தொட்டுப் பார்த்திருப்பான், கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த என் மூஞ்சி அதில் இருந்திருக்கும். இருபத்தாறு வருஷம் கழித்து என் மூஞ்சியைப் பார்த்திருக்கிறான். பார்த்து, அழிக்காமல், ஒரு பெயரும் போட்டிருக்கிறான். உலகு என்றா. உலகம்மாள் என்றா. போடமாட்டான், மதினி பார்ப்பாள். அட, கடைக்காரன் அவன், தவறின அழைப்பை எல்லாம் கஸ்டமர் என்று போட்டு வைத்துக்கொள்வான், அதில் நானும் ஒருத்தி, இன்வெர்ட்டர் பேட்டரி விசாரித்த ஒருத்தி. அப்படித்தான் இருக்கும். அப்படி இருக்காது. இருக்கும். எதுவானாலும் அவன் போனில் அந்த ஆள் இப்போதும் உள்ளே உட்கார்ந்திருக்கிறான், அண்ணனுக்கு அது தெரியுமோ தெரியாதோ. போனை எடுத்துச் சொல்ல வேண்டியது யார். நானா. பேசக் கூடாது என்று இருப்பது அவனா நானா, அதுவே இப்போது மறந்துவிட்டது.

எண்பத்தாறு என்றபோது எழுந்தாள், கால் மரத்திருந்தது. மேஜைக்குப் பின்னால் சின்ன வயசுப் பெண், கழுத்தில் அட்டை, பேச்சில் அவசரம் இல்லை. கடிதம், ஆதார், புகார் எண் எல்லாம் வாங்கிப் பார்த்தாள். கணக்கில் ஒன்றும் போகவில்லை, நல்லவேளை சீக்கிரம் நிறுத்திட்டீங்க என்றாள். போனைச் சுத்தமாக அழித்துத்தான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும், அழித்தால் உள்ளே இருக்கிற நம்பர், போட்டோ எல்லாம் போய்விடும், வேண்டியதை இப்போதே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். இதை அனுப்பினவர் யாரும்மா என்று கேட்டாள். அண்ணன் என்றாள் உலகம்மாள். அந்த வார்த்தை அந்நிய மனுஷியிடம் எவ்வளவு சுலபமாக வந்தது. "அப்ப முதல்ல அவருக்குச் சொல்லுங்கம்மா, அவர் கணக்கும் போயிடப் போகுது" என்று சொல்லி, மேஜை போனைத் திருப்பி இவள் பக்கம் தள்ளினாள். நம்பர் தெரியுமா என்று கேட்டாள். நாலு வருஷமாகத் தினமும் பார்க்கிற நம்பர். உலகம்மாள் அமுக்கினாள். மணி அடித்தது. இரண்டாவது மணி. மூன்றாவது.

"சங்கர் பேட்டரி, சொல்லுங்க."

குரல் கிழடாகிப் போயிருந்தது. உலகம்மாள் கம்பெனியில் பேசுகிறமாதிரி நிதானமாக ஆரம்பித்தாள். உங்கள் போனிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று ஒன்று எல்லாருக்கும் போகிறது, உடனே சிம்மைக் கழற்றிவிட்டு பேங்குக்குச் சொல்லுங்கள் என்றாள். அவன் முழுசாகக் கேட்கவில்லை. காலையிலிருந்து இதே பேச்சுதான், பேங்க் என்று சொல்லி ஒருத்தன் இப்போதுதான் பேசினான், எந்த நம்பரையும் நான் சொல்லமாட்டேன் என்று படபடவென்று சொன்னான். "நம்பர் ஒண்ணும் கேக்கலை" என்றாள்.

"பெறகு உங்களுக்கு என்னதான் வேணும்?"

என்ன வேண்டும். அதை யோசித்துக்கொண்டு வரவில்லையே. எதிரில் அந்தப் பெண் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் உலகு."

அந்தப் பக்கம் ஒரு பைக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

"ஒனக்குமா வந்துச்சு?"

"வந்துச்சு."

"தெறந்தியா?"

"தெறந்தேன்."

"தெறந்திருக்கக் கூடாதுல்லா. என்ன ஏதுன்னு கேக்காண்டாமா?"

"நீ அனுப்பினா நான் எப்படிக் கேப்பேன்."

அவன் தொண்டையைச் செருமினான். பேசும்போது குரல் தணிந்திருந்தது. கல்யாணம் ஒன்றும் இல்லை என்றான், மகளுக்குக் கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது, மதுரையில் இருக்கிறாள், ஒரு பையன். உலகம்மாள் சரி என்றாள். ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டு வருஷம் என்றால் அந்தப் பொங்கலுக்கு முன்னாலா பின்னாலா என்று மனசு ஓடப் பார்த்தது, அதைப் பிடித்து நிறுத்தினாள். ஒனக்குப் போயிருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல, என்று அவனே மறுபடி ஆரம்பித்தான். "ஒன் பேரைப் போடலை. தண்ணி லாரின்னு போட்டு வச்சிருக்கேன்."

அதற்குள் அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு பொம்பளைக் குரல், போனில் யாரு என்று கேட்டது. மதினியின் குரலில் இருபத்தெட்டு வருஷம் ஒன்றும் செய்திருக்கவில்லை. அண்ணன் போனைக் கையால் பொத்தவில்லை. தண்ணி லாரி, என்றான். இன்றைக்கே வரச் சொல்லுங்கள், ட்ரம்மில் ஒரு சொட்டு இல்லை என்று மதினி சொல்லிக்கொண்டே உள்ளே போவது கேட்டது. உலகம்மாள் போனை வைத்துவிடலாம் என்று நினைத்தாள். கை வைக்கவில்லை.

"இருங்க, வச்சிராதீங்க" என்றான் அண்ணன். குரல் கடைக்காரன் குரலாக மாறியிருந்தது. "போனைச் சுத்தமா அழிச்சாத்தான் சரியாகும்னு சொல்லுதாங்க. நம்பரெல்லாம் போயிரும். எழுதிக்கிடுதேன். சொல்லுங்க."

மேஜை டிராயரை இழுக்கிற சத்தம், பேனாவை உதறுகிற சத்தம். உலகம்மாள் இரண்டிரண்டு எண்ணாகச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதினான். அவனுக்குச் சின்ன வயசிலேயே கையெழுத்து மெதுவாகத்தான் வரும். கடைசி இரண்டையும் சொல்லி முடித்தாள். அதையும் சரியாகத் திருப்பிச் சொன்னான். பிறகும் போனை வைக்கவில்லை. சுவரில் எண்பத்தேழு எரிந்தது, பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றான்.

முதலிலிருந்து, இன்னும் மெதுவாக, சொல்ல ஆரம்பித்தாள்.